கடலில் கொள்ளை நடந்தால் எந்த நாட்டுச் சட்டம்? – வாசகர் கேள்வி பதில்

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரையான கரையோர வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் கடற்கொள்ளையும் சர்வதேசச் சட்டமும் பற்றியவை இம்முறை அதிகமாக இருந்தமையால், இந்த இதழின் சட்டப் பகுதியை முழுவதும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விதமான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, கடிதங்களின் சாரத்தை மட்டும் தந்து, இப்பகுதியின் சட்ட ஆலோசகரின் பதில்களை வெளியிடுகிறோம்.

படகு உரிமையாளர், வாழைச்சேனை: ஐயா, எமது ஆழ்கடல் படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு போனால் ஒரு மாதம் வரையிலும் கடலில் நிற்கின்றன. கரையிலிருந்து நூறு, இருநூறு மைலுக்கு அப்பால் யாராவது ஆயுதத்தோடு ஏறி மீனையும் கருவிகளையும் பறித்தால் அது சட்டப்படி கடற்கொள்ளையா? எந்த நாட்டுப் பொலிஸில் முறையிடுவது?

நீங்கள் சொல்லும் தூரத்தில் நடந்தால் அது கடற்கொள்ளையே. ஆனால் இதே செயல் கரைக்கு அருகில் நடந்தால் பதில் மாறிவிடும். கடலில் நடந்த ஒரு கொள்ளையைப் பற்றிச் சர்வதேசச் சட்டம் முதலில் கேட்பது, அது எந்த இடத்தில் நடந்தது என்பதைத்தான்.

இதற்கான அடிப்படைச் சட்டம், 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மொன்டிகோ பேயில் கையொப்பமிடப்பட்டு, 1994 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம் ஆகும். இலங்கை 1994 ஜூலையில் அதற்கு ஏற்புறுதி அளித்தது. அந்தச் சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டுக்கு, 1980இல் தாம் இறக்கும் வரை தலைமை தாங்கியவர் ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க என்ற இலங்கையர் என்பதை நம்முடைய பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பாடப் புத்தகங்களில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

சமவாயத்தின் 101ஆம் உறுப்புரை கடற்கொள்ளையை வரையறுக்கிறது. சட்டவிரோதமான வன்முறையோ, தடுத்து வைத்தலோ, சூறையாடலோ நடந்திருக்க வேண்டும். அதைத் தனியார் கப்பல் ஒன்றின் அல்லது தனியார் விமானம் ஒன்றின் பணியாளரோ பயணிகளோ செய்திருக்க வேண்டும். அது தனிப்பட்ட நோக்கத்துக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். அது வேறொரு கப்பலுக்கு எதிராக, எந்த நாட்டின் இறைமைக்கும் உட்படாத கடலில் நடந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், கையில் துப்பாக்கி இருந்தாலும் இரத்தம் சிந்தியிருந்தாலும், சர்வதேசச் சட்டத்தின் பார்வையில் அது வேறொரு குற்றமாகவே கொள்ளப்படும்.

கரையோர அடிக்கோட்டிலிருந்து (கடல் தூரத்தை அளக்கத் தொடங்கும் கரைக் கோடு) 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் வரை ஆள்புலக் கடல். அது தரையைப் போலவே அந்தந்த நாட்டின் இறைமைக்கு உட்பட்டது. 200 கடல் மைல் வரையுள்ள பொருளாதார வலயத்தையும் தாண்டினால்தான் கடற்கொள்ளைச் சட்டம் பேசும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பொருளாதார வலயத்தில் கரையோர நாட்டுக்கு இருப்பது முதன்மையாக மீன், எண்ணெய் முதலிய வளங்களின் மீதான உரிமை. கடற்கொள்ளை பற்றிய விதிகள் அந்த வலயத்துக்கும் பொருந்தும் என்று 58ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே உங்கள் படகுக்குப் பதின்மூன்றாவது மைலிலிருந்தே அந்தப் பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. அது இந்தியாவின் வலயமாக இருந்தாலும் மாலைதீவின் வலயமாக இருந்தாலும் அப்படித்தான்.

முறைப்பாட்டைப் பொறுத்தவரை, படகு எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாடே முதல் உரித்துடையது. ஆகவே இலங்கைப் பொலிஸ், கடற்படை, கடற்றொழில் திணைக்களம் ஆகிய மூன்றிடமும் முறையிடலாம். 2001ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கடற்கொள்ளைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் நடுக்கடலில் உதவிக்கு வருவது நம் நாட்டுக் கப்பலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2024 ஜனவரியில் மேற்குக் கரையிலிருந்து ஆறு பேருடன் சென்ற லொரென்சோ புத்தா 4 என்ற ஆழ்கடல் படகைச் சோமாலியக் கொள்ளையர் மூவர் கைப்பற்றியபோது, மொகடிஷுவிலிருந்து ஏறத்தாழ 840 கடல் மைல் தொலைவில் நடந்த அந்தச் சம்பவத்துக்கு இந்தியக் கடற்படையின் தகவல் உதவியோடு முடிவு கட்டியவர்கள் சீஷெல்ஸ் நாட்டுப் படையினர். படகு அவர்களுடைய கடற்பரப்புக்குள் வந்ததும் மறித்து, மூவரையும் கைது செய்து, ஆறு கடற்றொழிலாளரையும் காயமின்றி மீட்டார்கள்.

சம்பவம் நடந்த இடத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதாகலாம். ஜி.பி.எஸ். கருவியையே கொள்ளையர் முதலில் கழற்றுவார்கள். ஆகவே படகு நிற்கும் இடத்தைக் கரைக்கு அறிவிக்கும் வி.எம்.எஸ். கருவியை ஒருபோதும் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று உங்கள் தண்டயலிடம் சொல்லி வையுங்கள். மீன்பிடித்த இடம் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி அதை நிறுத்துகிறவர்கள், ஆபத்து நேரும்போது தாம் நின்ற இடத்துக்கான சாட்சியத்தையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார்கள்.

கடற்றொழிலாளர், கல்முனை: இரவில் ஐந்தாறு மைலில் விரித்த வலைகளை வேறு படகினர் வெட்டிக்கொண்டு போகிறார்கள். கோடியக்கரைப் பக்கம் மீனவரைத் தாக்கிப் பறிப்பதையும் செய்திகளில் கடற்கொள்ளை என்றே சொல்கிறார்கள். இவையும் அந்தச் சர்வதேசச் சட்டத்தில் வருமா?

வராது. ஐந்தாறு மைல் நம்முடைய ஆள்புலக் கடலுக்குள் இருப்பதால் அது நாட்டின் சாதாரணக் குற்றவியற் சட்டத்தின் கீழ் வரும் களவு. ஆளைத் தாக்கியிருந்தால் கொள்ளை. கல்முனைப் பொலிஸாரே விசாரிக்க வேண்டியது. ஆள்புலக் கடலில் நடக்கும் இத்தகைய தாக்குதல்களைச் சர்வதேச கடல்சார் அமைப்பு ஆயுதக் கொள்ளை என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. கோடியக்கரை விடயத்திலும் விடை அதுவே. பாக்கு நீரிணையில் எல்லைக் கோட்டுக்கு இப்பால் இலங்கைக்கும் அப்பால் இந்தியாவுக்கும் முழு இறைமை உண்டு என்று 1974ஆம் ஆண்டின் இருநாட்டு உடன்படிக்கை சொல்வதால், அங்கே யாருக்கும் உரித்தில்லாத கடல் என்று எதுவும் இல்லை. அடிவாங்கியவருக்கு வலி ஒன்றுதான்; ஆனால் வழக்கை எங்கே கொண்டுபோவது என்பதை அந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது.

பல்கலைக்கழக மாணவி, ஒலுவில்: நடுக்கடலில் ஒரு கப்பல் அதன் கொடிக்குரிய நாட்டின், அதாவது அது பதிவு செய்யப்பட்ட நாட்டின், சட்டத்துக்கு மட்டுமே உட்பட்டது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கடற்கொள்ளையரை மட்டும் எந்த நாடும் பிடித்து விசாரிக்கலாம் என்பது எப்படி?

நீங்கள் படித்தது சரியான பொதுவிதி. இன்னொரு நாட்டின் கொடியோடு நடுக்கடலில் போகும் கப்பலை நம் கடற்படை காரணமின்றி நிறுத்தவும் முடியாது. அந்த விதிக்குள்ள மிகப் பழைய விலக்கே கடற்கொள்ளை. கடலில் போகும் எவரையும் தாக்குபவன் மனித குலம் முழுவதற்கும் பகைவன் என்ற கருத்து ஐரோப்பியச் சட்ட அறிஞர்களிடம் பல நூற்றாண்டுகளாக ஊறியிருந்தது. அந்தக் கருத்தைவிட, எல்லா நாடுகளின் வாணிகமும் ஒரே கடற்பாதையில் சென்றதும், அந்தப் பாதையைக் காவல் செய்யத் தனியொரு நாட்டால் முடியாமற் போனதுமே உண்மையான காரணங்கள் என்று நான் கருதுகிறேன்.

105ஆம் உறுப்புரையின்படி, எந்த நாடும் கொள்ளையர் கப்பலையும், கொள்ளையரின் பிடியில் உள்ள கப்பலையும் கைப்பற்றி, அதிலுள்ளவர்களைக் கைது செய்யலாம். தண்டனையைத் தீர்மானிப்பது கைப்பற்றிய நாட்டின் நீதிமன்றம். பிடிக்கும் அதிகாரம் போர்க்கப்பலுக்கும் இராணுவ விமானத்துக்கும், அரச சேவையில் இருப்பதாகத் தெளிவாக அடையாளமிடப்பட்ட அதிகாரம் பெற்ற கப்பலுக்கும் விமானத்துக்கும் மட்டுமே உண்டு என்று 107ஆம் உறுப்புரை கட்டுப்படுத்துகிறது. போதிய ஆதாரமின்றிப் பிடித்தால், பிடித்த நாடு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 106ஆம் உறுப்புரை.

நீங்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டிய தீர்ப்பு, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் 1934இல் வழங்கியது. 1931 ஜனவரியில், சீனர்கள் சிலர் இரண்டு பாய்க்கப்பல்களில் இன்னொரு சரக்குப் பாய்க்கப்பலைத் துரத்திச் சுட்டார்கள். கொள்ளை நிறைவேறுவதற்கு முன்னே நீராவிக் கப்பல்கள் வந்து அவர்களைப் பிடித்து ஹொங்கொங்குக்குக் கொண்டுசென்றன. ஒரு பொருளும் பறிபோகவில்லையே, பின் எப்படிக் கொள்ளை என்று அங்குள்ள நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொள்ளை நிறைவேறியிருக்க வேண்டியதில்லை, தோற்றுப்போன முயற்சியும் கடற்கொள்ளையே என்று பிரிவிக் கவுன்சில் கூறியது. ஏணியோடும் துப்பாக்கியோடும் வந்து ஏற முடியாமல் திரும்பும் சிறுபடகுகளை இன்றைக்கும் அந்த விளக்கத்தின் துணையோடுதான் பிடிக்கிறார்கள்.

வாசகர், களுவாஞ்சிக்குடி: பிடித்த கொள்ளையரைச் சாப்பாடு கொடுத்துக் கரையில் இறக்கி விட்டுவிடுகிறார்கள் என்று கப்பலில் வேலை செய்யும் என் மைத்துனர் சொல்கிறார். இது உண்மையா? உண்மையென்றால் சட்டம் எதற்கு?

உங்கள் மைத்துனர் சொல்வது உண்மை. சோமாலியக் கொள்ளை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அப்படி விடப்பட்டவர்கள் ஏராளம். 2011ஆம் ஆண்டில் உலகெங்கும் பதிவான 439 தாக்குதல்களில் 237 சோமாலியக் கொள்ளையருடையவை என்பது சர்வதேச கடல்சார் பணியகத்தின் கணக்கு. அந்நாட்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அட்டலாண்டா நடவடிக்கையும், நேட்டோவும், அமெரிக்கா முன்னின்று அமைத்த கூட்டுப் படையணியும், தனித்தனியே இந்தியாவும் சீனாவும் ஏடன் வளைகுடாவில் கப்பல்களை நிறுத்தியிருந்தன. அப்படியும் விடுவிப்பு நடந்ததற்குக் காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

மேலே சொன்ன 105ஆம் உறுப்புரை, எந்த நாடும் பிடிக்கலாம், விசாரிக்கலாம் என்று அனுமதி தருகிறதே தவிர, பிடித்தே ஆகவேண்டும், விசாரித்தே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒத்துழைக்க வேண்டிய பொதுக்கடமையை 100ஆம் உறுப்புரை விதிக்கிறது. ஆனால் அந்த ஒத்துழைப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தூரம் கைதியைக் கொண்டுபோய், சாட்சிகளான மாலுமிகளைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்து, மொழிபெயர்ப்பாளர் வைத்து, தண்டனை முடிந்தபின் அந்த மனிதனை எங்கே அனுப்புவது என்ற கேள்வியையும் சுமக்க எந்த அரசும் எளிதில் முன்வருவதில்லை. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுவே என்பது என் உறுதியான எண்ணம். யாவருக்கும் அதிகாரத்தைக் கொடுத்தவர்கள், ஒருவருக்காவது பொறுப்பைக் கொடுக்கத் தவறிவிட்டார்கள்.

பொறுப்பேற்க விரும்பிய நாட்டுக்கும் உள்நாட்டுச் சட்டம் இல்லையென்றால் கை கட்டப்பட்டுவிடும். அலோண்ட்ரா ரெயின்போ வழக்கு அதற்கு நல்ல சாட்சி. 1999 ஒக்டோபரில் இந்தோனேசியத் துறைமுகம் ஒன்றிலிருந்து அலுமினியக் கட்டிகளோடு புறப்பட்ட அந்த ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றி, பதினேழு மாலுமிகளையும் ஒரு மிதவையில் இறக்கி நடுக்கடலில் விட்டுவிட்டார்கள். தாய்லாந்து மீன்பிடிப் படகொன்று அவர்களைக் கண்டெடுக்கும் வரை பல நாட்கள் அவர்கள் அலைந்தார்கள். இதற்கிடையில் கப்பலின் நிறத்தையும் பெயரையும் மாற்றிய கொள்ளையர், மெகா ராமா என்ற புதிய பெயரோடு அரபிக் கடலில் போய்க்கொண்டிருந்தபோது இந்தியக் கரையோரக் காவற்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. மும்பை செசன்ஸ் நீதிமன்றம் 2003இல் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சமவாயம் தந்த அதிகாரம் இருந்தும், அந்தக் குற்றத்துக்கென்று இந்தியாவுக்குத் தனிச்சட்டம் அப்போது இருக்கவில்லை.

கென்யாவிலும் இதேபோல் நடந்தது. மேற்கு நாடுகள் பிடித்த கொள்ளையரை ஏற்று விசாரிக்க ஒப்பந்தம் செய்திருந்த அந்நாட்டில், தன் கடலுக்கு வெளியே நடந்ததை விசாரிக்கத் தமக்கு நியாயாதிக்கம் இல்லை என்று 2010இல் உயர் நீதிமன்றம் கூறிவிட, 2012 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தி, எங்கு நடந்தாலும் விசாரிக்கலாம் என்றது.

இப்போது நிலைமை முன்னேறியிருக்கிறது. இந்தியா 2022இல் கடற்கொள்ளை எதிர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 டிசம்பரில் கடத்தப்பட்ட ருவென் என்ற மோல்டா கொடிக் கப்பலை 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை மீட்டபோது, பதினேழு மாலுமிகளும் உயிரோடு வெளிவந்தார்கள். சரணடைந்த 35 கொள்ளையரும் கரையில் இறக்கி விடப்படவில்லை, ஐ.என்.எஸ். கொல்கத்தா கப்பலில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, புதிய சட்டத்தின் கீழ் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். உங்கள் மைத்துனரிடம் இதையும் சொல்லுங்கள்.

ஆசிரியர், அக்கரைப்பற்று: செங்கடலில் ஹூதிகள் கப்பலைப் பிடித்ததும் கடற்கொள்ளைதானா? அரசியல் காரணத்துக்காகச் செய்தால் குற்றம் ஆகாதா?

குற்றம் ஆகும் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. அது கடற்கொள்ளையா என்பதில்தான் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். 2023 நவம்பர் 19 அன்று ஹெலிகொப்டரில் வந்து இறங்கி கலக்ஸி லீடர் என்ற வாகனம் ஏற்றும் கப்பலை யேமன் நாட்டின் ஆயுத அமைப்பான ஹூதிகள் கைப்பற்றினார்கள். எந்தப் போரோடும் சம்பந்தமில்லாத 25 மாலுமிகள் 2025 ஜனவரி வரை வீடு திரும்ப முடியவில்லை. 101ஆம் உறுப்புரை சொல்லும் தனிப்பட்ட நோக்கம் என்பதைப் பணத்தாசை என்று மட்டும் கொண்டால், அரசியல் பேசிக்கொண்டு செய்பவர்கள் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுவார்கள். ஓர் அரசின் அதிகாரம் இல்லாமல் செய்வதெல்லாம் தனிப்பட்டதே என்று கொண்டால் உள்ளே வருவார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வேறு கப்பல்களைத் தாக்கிய வழக்குகளில் 1986இல் பெல்ஜிய நீதிமன்றமும், 2013இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டாவது விளக்கத்தையே ஏற்றன. நானும் அதன் பக்கமே. ஆனால் ஒரு நாட்டின் தலைநகரையும் துறைமுகங்களையும் கையில் வைத்திருக்கும் ஓர் அமைப்புக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் கடினமான கேள்வி.

இந்த இடைவெளி நெடுநாளாகத் தெரிந்ததுதான். 1985 ஒக்டோபரில் பயணிகளைப் போல ஏறியிருந்தவர்கள் எகிப்துக்கு அப்பால் அகில்லே லவுரோ என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலைக் கைப்பற்றி ஒருவரைக் கொன்றபோது, தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே கப்பலில் இருந்தமையால், வேறொரு கப்பலுக்கு எதிராக என்ற நிபந்தனையே நிறைவேறவில்லை. அதன் பின்னர் 1988 மார்ச்சில் ரோமில் கடற்பயணப் பாதுகாப்புக்கு எதிரான செயல்களை ஒடுக்கும் சமவாயம் உருவானது. அதற்கு இரண்டு கப்பல்கள் வேண்டியதில்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும் சரி. குற்றவாளி கையில் சிக்கிய நாடு அவரை விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. முந்தைய பதிலில் நான் குறைப்பட்ட அந்தப் பொறுப்பு இங்கே இருக்கிறது. இலங்கையும் இதில் சேர்ந்து, தேவையான சட்டத்தை இயற்றியிருக்கிறது.

கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர், திருக்கோவில்: பெரிய கப்பல்களில் இப்போது துப்பாக்கிக் காவலர் நிற்கிறார்கள். இரவில் வலைக்குக் குறுக்கே கப்பல் வரும்போது விளக்கைக் காட்டிக்கொண்டு கிட்டப் போகத்தான் வேண்டியிருக்கிறது. எம்மைக் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டால் யார் பதில் சொல்வது?

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அது நடந்திருக்கிறது, நமக்கு மிக அருகிலேயே. 2012 பெப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைலில், சென் அன்ரனி என்ற இந்திய மீன்பிடிப் படகை நோக்கி என்ரிக்கா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர் இருவர் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கேரளத்தவர், மற்றவர் கன்னியாகுமரித் தமிழர். கொள்ளையர் வருகிறார்கள் என்று எண்ணியதாகக் காவலர் தரப்பு சொன்னது. மீனவர்களோ தம் தொழிலை முடித்துக் கரை திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

இரு நாடுகளும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வழக்காடின. கடற்சட்டச் சமவாயத்தின் கீழ் அமைக்கப்பட்ட நடுவர் தீர்ப்பாயம் 2020இல் கொடுத்த முடிவு இரு பகுதிகளைக் கொண்டது. சுட்டவர்கள் அரச கடமையில் இருந்த படைவீரர்கள் ஆகையால் இந்திய நீதிமன்றம் அவர்களைத் தண்டிக்க முடியாது, இத்தாலியே விசாரிக்க வேண்டும் என்றது. அதேவேளை, அந்த மீன்பிடிப் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறிவிட்டது, ஆகவே உயிரிழப்புக்கும் படகுக்கும் படகிலிருந்தவர்களின் மன வேதனைக்கும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இத்தாலி பத்துக் கோடி இந்திய ரூபாய் செலுத்தியது. இறந்த இருவரின் குடும்பத்துக்கும் தலா நான்கு கோடியும் படகு உரிமையாளருக்கு இரண்டு கோடியும் என்று பிரித்து, 2021 ஜூனில் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

இரண்டு உயிர்களுக்கு எந்த நீதிமன்றமும் குற்றத்தீர்ப்பு எழுதாமல் வழக்கு முடிந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பில் நம் கடற்றொழிலாளர் பற்றிக்கொள்ள வேண்டிய ஓர் உரிமை இருக்கிறது: சிறு மீன்பிடிப் படகுக்கும் பெரிய எண்ணெய்க் கப்பலுக்கும் கடலில் செல்லும் சுதந்திரம் சமமானது. மேலும், அந்த விலக்குரிமை அரசாங்கப் படைவீரருக்கு உரியது. கம்பனிகள் வாடகைக்கு அமர்த்தும் தனியார் காவலருக்கு அது கிடையாது. அவர்களை ஏற்றலாமா என்பதைக் கப்பலின் கொடிக்குரிய நாடே தீர்மானிக்கிறது. கடற்கொள்ளைச் சட்டம் அவர்களுக்கு எவரையும் பிடிக்கும் அதிகாரத்தையும் கொடுக்கவில்லை. தற்காப்புக்கு அவசியமான அளவை மீறிச் சுட்டால் அவர்கள் சாதாரணக் குற்றவாளிகளே.

இரவில் கப்பல் வரும்போது அதை நோக்கி வேகமாக ஓட்டிச் செல்வதைத் தவிர்த்து, வி.எச்.எப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் பேசி, படகின் விளக்குகளை எரியவிட்டு, வலை கிடக்கும் திசையைச் சொல்லுங்கள். கப்பலின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அந்தப் பெயர் இல்லாமல் எந்த வழக்கும் தொடங்காது.

ஒரு தாய், கல்லடி: என் மகன் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்கிறார். கப்பலைக் கடத்திவிட்டால் அவருடைய சம்பளம் நின்றுவிடுமா? கப்பம் கொடுத்து மீட்பது சட்டப்படி குற்றமா? நாங்கள் யாரிடம் போவது?

அம்மா, சம்பளம் நிற்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்துக்கு 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2020 டிசம்பர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கடற்கொள்ளையரிடமோ ஆயுதக் கொள்ளையரிடமோ மாலுமி சிக்கியிருக்கும் காலம் முழுவதும், ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்துபோனாலும், அவருடைய வேலை ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். சம்பளமும், வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பும் பணமும், விடுதலையாகி வீடு திரும்பும் வரை தொடர வேண்டும். இலங்கையும் இந்தச் சமவாயத்தில் சேர்ந்த நாடு.

இந்தத் திருத்தம் சும்மா வரவில்லை. 2010 நவம்பரில் கடத்தப்பட்ட அல்பேடோ என்ற மலேசியக் கொடிக் கப்பலில் இலங்கையரும் இருந்தார்கள். உரிமையாளர் பணம் கொடுக்கவில்லை. 2013 ஜூலையில் கப்பல் நங்கூரமிட்ட இடத்திலேயே மூழ்கியது. எஞ்சிய பதினொரு பேர் 2014 ஜூனில்தான் வெளியே வந்தார்கள். மூன்றரை ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 2017 மார்ச்சில் எட்டு இலங்கையரோடு கடத்தப்பட்ட எரிஸ் 13 என்ற எண்ணெய்க் கப்பல், கப்பம் எதுவும் இல்லாமல் மூன்று நாட்களில் விடுவிக்கப்பட்டது.

கப்பம் கொடுப்பதைத் தடைசெய்யும் சர்வதேசச் சமவாயம் எதுவும் இல்லை. ஐக்கிய நாடுகளின் தடைப்பட்டியலில் உள்ளவருக்குப் பணம் போய்ச்சேர்ந்தால் மட்டும் சிக்கல் எழும். நடைமுறையில் கப்பல் உரிமையாளரும் காப்புறுதி நிறுவனமுமே பேரம் பேசுவார்கள். கொள்ளையர் உங்கள் தொலைபேசிக்கே எடுத்து மிரட்டுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் எந்தத் தொகைக்கும் உடன்பட வேண்டாம், அழைப்பு வந்த நேரத்தையும் இலக்கத்தையும் எழுதிக் கம்பனியிடமும் கொழும்பிலுள்ள வர்த்தகக் கப்பற்றுறை அதிகாரிகளிடமும் வெளிநாட்டு அமைச்சிடமும் கொடுங்கள். மகன் அடுத்த முறை விடுமுறையில் வரும்போது, ஒப்பந்தத்தின் பிரதி, கப்பலின் பெயரும் கொடியும், அனுப்பிய முகவரின் விபரம் ஆகியவற்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பதிலை வாழைச்சேனை, கல்முனைப் படகுகளில் போகிறவர்களின் குடும்பங்களுக்கும் சொல்ல முடிந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். கடல்சார் தொழிலாளர் சமவாயம் மீன்பிடிப் படகுகளைத் தன் எல்லைக்குள் எடுக்கவில்லை. சம்பளமின்றிப் பங்கு முறையில் போகிறவர் பணயக்கைதியானால், மீன் வராத நாட்களில் பங்கும் இல்லை. கப்பலைக் காக்கும் சட்டத்துக்கும் கப்பல் மாலுமியைக் காக்கும் சட்டத்துக்கும் நடுவே நம்முடைய கடற்றொழிலாளர் விடுபட்டுப் போயிருக்கிறார். இதைச் சீர்செய்ய நாட்டுச் சட்டம் வேண்டும்; அதுவரை சம்மாட்டிமாரும் சங்கங்களும் தாமே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. படகில் போகும் ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், படகின் பதிவிலக்கம், ஆள் தடுத்து வைக்கப்பட்டால் வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது, எத்தனை மாதம் கொடுப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். படகில் ஐஸ் ஏற்றுவதற்கு முன்னரே இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைச் சங்கத்திலும் இன்னொன்றை அவர் மனைவியிடமும் கொடுத்து வைக்க வேண்டும்.